வெப்பமானிக்குக் கிடைத்த வீடு மனிதனுக்கு இல்லையா?

மும்பையில் நேற்றைய உச்ச வெப்பநிலை 34 டிகிரி என்று பத்திரிகையில் படிக்கிறோம். நாகபுரியிலும் தில்லியிலும் 44, 45 என்று கொதிக்கும்போது நமக்கு 34தானே என்று ஆறுதலும் அடைகிறோம். இந்த எண்ணை, தாராவியில் தகரக் கூரைக்குக் கீழே பிற்பகல் இரண்டு மணிக்குக் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு தாயிடம் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். அந்த எண் பொய்யல்ல. ஆனால் அது அவர் வீட்டு எண் அல்ல.

அந்த 34 டிகிரி எங்கே அளக்கப்படுகிறது என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. கொலாபாவிலும் சாந்தாக்ரூசிலும் வானிலை நிலையங்கள் இருக்கின்றன. அங்கே வெப்பமானியை வெயிலில் தொங்கவிடுவதில்லை. அதற்கென்று மரத்தில் ஒரு சிறிய வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த அமைப்பு அது. வெளியே வெள்ளை வர்ணம். நான்கு பக்கமும் காற்று புகுந்து போகச் சாய்வுப் பலகைகள். தரைச்சூடு தாக்காதபடி கால்கள் வைத்து உயர்த்திய தளம். மேலே இரட்டைக் கூரை; இரண்டுக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி.

ஒரு கண்ணாடிக் குழாய்க்கு இவ்வளவு மரியாதை! சரியாக அளக்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே நகரத்தில் லட்சக்கணக்கான மனிதர்கள் துருப்பிடித்த ஒற்றைத் தகட்டுக்குக் கீழே, ஜன்னல் இல்லாத பத்துக்குப் பத்து அறையில், ஐந்தாறு பேராகக் கோடையைக் கழிக்கிறார்கள். வெப்பமானிக்குத் தெரிந்து செய்த நான்கு காரியங்களில் ஒன்றிரண்டையாவது அவர்களுக்குச் செய்யக் கூடாதா என்பதுதான் நம் கேள்வி.

இது நம்மவர்கள் பிரச்சினை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து தாராவியில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள், 1976இல் ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டவர்கள், ஆண்டாப் ஹில், சயான் கோலிவாடா பகுதிகளில் இருப்பவர்கள் என்று பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் இந்தத் தகட்டின் கீழேதான் படுத்து எழுகின்றன. இங்கே எல்லா மொழிக்காரரும் 'பத்ரா' என்று சொல்லும் அந்தத் தகரத் தகட்டுக்கு மொழி பேதம் கிடையாது.

தகரம் செய்யும் வேலை

கூடாரமானாலும், மோட்டார் வேனானாலும், தகரக் கொட்டகையானாலும் மெல்லிய தோல் கொண்ட இருப்பிடங்களுக்கெல்லாம் ஒரே விதிதான். வெயிலைத் தடுத்து வைத்துக்கொள்ள அவற்றுக்குக் கனம் இல்லை. வெளியே விழும் சூடு சில நிமிடங்களில் உள்ளே வந்துவிடும்.

நடுப்பகல் வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் சக்தியைக் கொட்டுகிறது. பத்துக்குப் பத்து அறையின் கூரை சுமார் 9 சதுர மீட்டர். அதாவது 9,000 வாட். மின்சார இஸ்திரிப் பெட்டி ஒன்று 1,000 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒன்பது இஸ்திரிப் பெட்டிகளைத் தலைக்கு மேலே வரிசையாக அடுக்கி வைத்ததற்குச் சமம். பழைய தகடு அதில் பெரும் பகுதியை விழுங்கிக் கொள்கிறது. வெயிலில் கிடக்கும் தகடு 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதன் கீழே ஆறடி, ஏழடி உயரத்தில் வாழ்கிற மனிதனுக்குக் காற்றின் சூடு ஒருபுறம், கூரை வீசும் அனல் மறுபுறம்.

புதுத் தகடு பளபளவென்றிருக்கிறதே, வெயிலைத் திருப்பி அனுப்பாதா என்று சிலர் கேட்கலாம். ஓரளவு அனுப்பும். ஆனால் வாங்கிய சூட்டை ஆகாயத்துக்கு உமிழ்வதில் அது பெரிய கஞ்சன். மேலும் இந்த ஊர் உப்புக் காற்றில் அதன் பளபளப்பு எத்தனை நாள் நிற்கும்? துரு ஏறிக் கறுத்தபின் அந்த லாபமும் போய்விடுகிறது.

தகரத்துக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. கனம் இல்லாததால் சூரியன் சாய்ந்ததும் அது விரைவில் ஆறிவிடும். கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை சூட்டை வைத்துக்கொண்டிருக்கும், தகரம் அப்படியல்ல. அப்படியிருந்தும் நம் அறைகள் இரவில் வேகின்றனவே, ஏன்? உள்ளே புகுந்த சூடு வெளியேற வழி இல்லை என்பதுதான் காரணம். ஒரே கதவு, எதிர்ச் சுவரில் ஓட்டை கிடையாது. கதவுக்கு வெளியே இரண்டடிச் சந்து. காற்று வருவதற்கு ஒரு வழியும் போவதற்கு ஒரு வழியும் இருந்தால்தானே ஓடும்?

வியர்வை காயாத ஊர்

மும்பை வெயிலின் கொடுமை டிகிரியில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. நம் உடம்பு வியர்த்துத்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துச் செல்லும். அதே ஒரு லிட்டர் ஆவியாகாமல் வழிந்து பாயில் சொட்டினால் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை. நீரும் உப்பும்தான் நஷ்டம். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் இங்கே வியர்வை சொட்டுகிறதே தவிரக் காய்வதில்லை. அதனால்தான் நாகபுரிக்காரருக்கு உதவுகிற வாட்டர் கூலர் நமக்கு உதவுவதில்லை. காய்ந்த காற்றில் நீர் ஆவியாகிக் குளிர்ச்சி தரும். ஈரக் காற்றில் மேலும் ஈரத்தை ஏற்றி, மூடிய அறையை ஆவிச்சட்டியாக்கிவிடும்.

வானிலைத் துறையின் கணக்கும் இதையே சொல்கிறது. சமவெளியில் 40 டிகிரியை எட்டினால்தான் வெப்ப அலை பற்றிப் பேசுவார்கள். கடலோரத்தில் 37ஐ எட்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினாலே அறிவிக்கலாம். 2025இல் பிப்ரவரி மாதமே மும்பைக்கு வெப்ப அலை எச்சரிக்கை வந்தது. 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையை அடுத்த கார்கரில் திறந்த மைதானத்தில் நடந்த அரசு விருது விழாவில் வெயில் தாக்கி 14 பேர் மாண்டதை மறக்க முடியுமா? அன்று அருகிலுள்ள நிலையத்தில் பதிவானது 38 டிகிரி அளவுதான். கடலோரத்தில் சாவதற்கு 45 டிகிரி தேவையில்லை.

மைதானத்தில் நடந்தது நாடறிந்தது. வீட்டுக்குள் நடப்பது யாருக்கும் தெரிவதில்லை. தகட்டின் கீழே முதியவர் ஒருவர் மயங்கி விழுந்து இறந்தால் 'மாரடைப்பு' என்று எழுதி முடித்துவிடுகிறோம். வேலைக்குப் போகிறவர்களாவது பகலில் வெளியே தப்பித்துக் கொள்கிறார்கள். கிழவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், வீட்டிலிருந்தே கைத்தொழில் செய்யும் பெண்கள் ஆகியோர்தான் நாள் முழுவதும் அங்கே இருப்பவர்கள். விடியுமுன் எழுந்து இட்லி அவித்து ஊருக்கெல்லாம் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கும் நம் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அடுப்புச் சூடும் ஆவியும் கூரைச் சூடும் சேர்ந்து அந்த அறை எப்படி இருக்கும்?

செய்யக் கூடியவை

பெரிய பணம் இல்லாமல் செய்யக் கூடிய காரியங்கள் உண்டு.

முதலாவது வெள்ளை. சுத்தமான வெள்ளைப் பூச்சு தன்மேல் விழும் வெயிலில் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வாங்கிய சூட்டையும் தகரத்தைப் போல் பிடித்து வைக்காமல் உமிழ்ந்துவிடும். அறைக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. சிமெண்ட் ஷீட்டுக்குப் பசை கலந்த சுண்ணாம்பே போதும். மழை கரைத்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். தகரத்தில் சுண்ணாம்பு உரிந்துவிடும்; துருவைத் தேய்த்து, பிரைமர் கொடுத்து, வெளிப்புற வெள்ளைப் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் காய்ந்த நிலையில் தேய்க்கவோ பெருக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். நனைத்த பின்புதான் கை வைக்க வேண்டும்.

இரண்டாவது நிழலும் இடைவெளியும். கூரைக்கு அரையடி மேலே மூங்கில் கட்டி, நர்சரித் தோட்டங்களில் போடும் நிழல் வலையையோ பழைய பாயையோ விரித்தால் வெயில் அதில் விழுமே தவிரத் தகட்டில் விழாது. நடுவில் காற்றும் ஓடும். வெப்பமானி வீட்டின் இரட்டைக் கூரை ரகசியம் இதுதான். புயற்காற்று வருமுன் அவிழ்த்துவிட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. மழைக்காகப் போடும் நீலத் தார்ப்பாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூனில் தகட்டோடு ஒட்டப் போடுகிறோம். மழை நின்றபின் எடுக்கச் சோம்பல்பட்டு அப்படியே விடுகிறோம். அக்டோபர் வெயிலில் அது சூட்டை வாங்கித் தகட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவது காற்றுக்கு வழி. சூடான காற்று மேலேதான் தங்கும். ஆகவே கதவுக்கு எதிர்ச் சுவரில் கூரையை ஒட்டி ஓர் ஓட்டை போட்டு, முடிந்தால் சிறிய எக்ஸாஸ்ட் மின்விசிறி வைக்க வேண்டும். சுடுகிற கூரையின் கீழே சுற்றும் சீலிங் ஃபேன் அங்கே தேங்கிய அனலைத்தான் கீழே தள்ளுகிறது. பகலில் கதவருகே தாழ வைத்த மேஜை விசிறி மேல். அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் எந்த விசிறியும் உடம்பைச் சுடத்தான் செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அப்போது நிழலான வேறு இடத்துக்குப் போவதே வழி.

நான்காவது, உள்ளே ஈரம் சேர்க்காதிருப்பது. சோறு வடிப்பதையும் குழம்பு கொதிப்பதையும் வெயில் ஏறுமுன் முடித்துக் கொள்வது, ஈரத் துணியை அறைக்குள் காயப் போடாதிருப்பது இவையெல்லாம் சிறிய விஷயங்கள்போலத் தோன்றும். உடம்புக்குத் தெரியும் வித்தியாசம். நனைத்த சாக்கைக் கூரைமேல் போட்டால் பலன் உண்டு, ஆவி வெளியே போகிறது. அறைக்குள் தொங்கவிட்டால் பலன் இல்லை. ஆனால் குழாயில் நீர் வரும் நேரத்தை எண்ணி வாழ்கிற இடத்தில் கூரைக்கு ஊற்ற நீர் எங்கே?

ஒரு எச்சரிக்கையும் அவசியம். மலிவு என்று தெர்மோகோல் அட்டையால் உட்கூரை போடுகிறவர்கள் அதிகம். சூட்டைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் தீப்பற்றினால் உருகிச் சொட்டும், நச்சுப் புகை எழும். மின்கம்பிகள் பின்னிக் கிடக்கும் நெருக்கமான சந்துகளில் அதைப் போல் ஆபத்து வேறில்லை.

'இடிக்கப் போகிற வீடுதானே'

இவ்வளவு எளிதானால் ஏன் எல்லோரும் செய்வதில்லை? 'எப்படியும் இடிக்கப் போகிறார்கள், இதற்குப் போய்ச் செலவு செய்வானேன்?' என்பதே தாராவியில் கேட்கும் பதில்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது 2004இல். டெண்டர்கள் வந்தன, ரத்தாயின. 2022 நவம்பரில் மீண்டும் டெண்டர் திறக்கப்பட்டு அதானி குழுமம் வென்றது. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கிற்று. இந்த இடைவெளியில் கழிந்த கோடைகள் இருபதுக்கும் மேல். 2004இல் பிறந்த குழந்தை இன்று வேலைக்குப் போகிற வாலிபன். அவன் வளர்ந்த இரவுகளெல்லாம் 'நாளை இடிப்பார்கள்' என்ற நம்பிக்கையில், வெள்ளை அடிக்காத கூரைக்குக் கீழே கழிந்தன. மாடி வீடு நல்ல கனவுதான். அது வரட்டும். வருகிறவரை வேக வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாக நிரூபிக்கிறவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. மேல் அறையில் இருப்பவர்களுக்கு வெளியே எங்கோ வாடகைத் தவணை முறையில் வீடு என்கிறார்கள். ஆனால் தகட்டோடு தலை முட்ட வாழ்கிறவர்கள் யார்? அந்த மேல் அறைக்காரர்கள்தான். கீழ்த்தளத்துக்காரருக்கு மேல் அறை ஒரு குடையாகிறது. மேலே வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கூரை சொந்தமில்லை. பெயிண்ட் அடிக்க உரிமையில்லை. வீட்டுக்காரருக்கோ அக்கறையில்லை. அதிகம் வெந்தவர்களுக்குத்தான் கிடைப்பதும் குறைவு, செய்து கொள்ளும் அதிகாரமும் குறைவு. இதைத் தனிமனிதர் பொறுப்பு என்று விட்டுவிட முடியாது.

மாநகராட்சி செய்ய வேண்டியது

அகமதாபாதில் 2010 மே மாதம் அடித்த வெயிலில், முந்தைய ஆண்டுகளின் அதே மாதத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த நகரம் விழித்துக்கொண்டது. 2013இல் தெற்காசியாவிலேயே முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. 2017இல் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை பூசத் தொடங்கியது. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்து, அரசு கட்டித்தரும் ஏழைகள் வீடுகளுக்கும் அதை விதியாக்கியது. நம் தாயகமான தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு உதவித் தொகை உண்டு என்றது.

மும்பை மாநகராட்சி 2022 மார்ச்சில் காலநிலைச் செயல்திட்டம் வெளியிட்டது. நகர வெப்பத்தைப் பற்றி அதிலும் பேசியிருக்கிறார்கள். பேச்சு தகட்டின் மீது ஏற வேண்டும் என்பதே நாம் கேட்பது. மழைக்கு முன் ஆண்டுதோறும் சாக்கடைகளையும் நாலாக்களையும் தூர் வாருகிறார்கள். அதற்குக் கெடு வைக்கிறார்கள், கணக்குக் கேட்கிறார்கள். ஏனென்றால் வெள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது. அதேபோல் பிப்ரவரிக்குள் வார்டு வார்டாகக் கூரைக்கு வெள்ளை அடிக்கும் வேலையையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். வீட்டுக்காரர், குடித்தனக்காரர், தகுதி உள்ளவர், இல்லாதவர் என்ற பாகுபாடு இதில் வேண்டாம். வெள்ளை அடிப்பதால் யாருக்கும் பட்டா கிடைத்துவிடாது. அந்தப் பயமும் அதிகாரிகளுக்கு வேண்டாம்.

புதிதாகக் கட்டப்போகும் மாடிகளிலும் கண் வைக்க வேண்டும். கோவண்டி, மான்குர்து பகுதிகளில் குடிசைவாசிகளுக்கென்று நெருக்கி நெருக்கிக் கட்டிய கட்டிடங்களில், வெளிச்சமும் காற்றும் குறைந்த வீடுகளில் காசநோய் அதிகமிருந்ததை ஆய்வு எடுத்துக்காட்டியது. தகரத்திலிருந்து தப்பிக் காற்றில்லாப் பெட்டிக்குள் போய் விழுவதற்கா இத்தனை ஆண்டுகள் காத்திருந்தோம்? எத்தனை சதுர அடி என்று கேட்பதோடு, எத்தனை ஜன்னல், எதிர்ச் சுவரில் காற்றுப் போக்கு உண்டா, கட்டிடத்துக்கும் கட்டிடத்துக்கும் இடைவெளி என்ன என்றும் கூட்டங்களில் கேட்க வேண்டும்.

நம் சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. கோயில் கொடை, பொங்கல் விழா, ஆண்டு விழா என்று ஒன்று சேரத் தெரிந்தவர்கள் நாம். விழாவுக்கு வசூலாகும் பணத்தில் ஒரு பங்கைப் பெயிண்டுக்கும் பிரஷ்ஷுக்கும் ஒதுக்கினால், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு சந்தின் கூரைகளை வெள்ளையாக்கிவிடலாம். நடுவில் ஒரு கூரையை மட்டும் வெளுத்தால் பலன் அந்த அறையோடு நிற்கும். சந்து முழுவதும் வெளுத்தால் சந்தின் காற்றே தணியும். கிழவர்களும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீடுகளை முதலில் எடுத்துக்கொள்ளட்டும். பழைய தகடுமேல் ஏறும்போது கால் வைக்கும் இடத்தில் பலகை போட்டு ஏறட்டும். உயிரைக் காப்பாற்றப் போய் உயிர் போய்விடக் கூடாது.

மாநகராட்சி வரும்வரை சங்கங்களும், சங்கங்கள் வரும்வரை குடும்பங்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆனால் குடும்பங்கள் செய்துகொள்கின்றன என்பதைச் சாக்காக வைத்து மாநகராட்சி தப்பித்துக்கொள்ளவும் விடக்கூடாது. அடுத்த கோடைக்குமுன் வார்டு உறுப்பினரைப் பார்க்கும்போது வழக்கமாகக் கேட்கும் குழாய், கக்கூஸ், தெருவிளக்கு ஆகியவற்றோடு கூரையையும் சேர்த்துக் கேளுங்கள். வெப்பமானிக்குக் கட்டிக் கொடுத்த நிழலில் பாதியாவது மனிதனுக்கும் கிடைக்கட்டும்.